வெயில் நாட்களில் கதவைத் தட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை தொடங்கியதும் நாளிதழ்களில் இரண்டு விஷயங்கள் தவறாமல் வருகின்றன. ஒன்று, தண்ணீரில் குதித்து விளையாடும் சிறுவர்களின் படம். மற்றொன்று, 'நண்பகலில் வெளியே போகாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்கிற அறிவுரைப் பெட்டி. அறிவுரை சரியானதுதான். ஆனால் அதைப் படித்து, எழுந்து நடந்து, தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடிந்தவருக்குத்தான் அது பயன்படும். கடும் வெயில் முதலில் எடுத்துக்கொண்டு போவது அப்படி முடியாதவர்களை. அவர்களுக்குத் தேவை அக்கம்பக்கத்தில் இருக்கும் ஓர் ஆள். முதலுதவிப் பயிற்சியிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டிருக்கும் நாங்கள், ஒரு தெருவோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போ இதை எப்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

முதலில் சில பழைய கணக்குகள். 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைத் தாக்கிய வெப்ப அலையில் 619 பேர் இறந்ததாக அங்குள்ள மரண விசாரணை அதிகாரிகள் பதிவு செய்தார்கள். அவர்களில் 98 சதவீதம் பேர் இறந்தது வெயிலில் அல்ல, வீட்டுக்குள். பாதிக்கும் மேற்பட்டோர் தனியாக வாழ்ந்தவர்கள். மூன்றில் இரண்டு பேர் 70 வயதைக் கடந்தவர்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் வழக்கத்துக்கு மேல் இறந்தார்கள். அது விடுமுறை மாதம். பிள்ளைகள் ஊரில் இல்லை, மருத்துவமனைகளிலும் ஆள் குறைவு.

1995 ஜூலையில் சிகாகோவில் 739 உயிர்கள் போயின. அங்கே அடுத்தடுத்து இருந்த இரண்டு பகுதிகளைப் பிற்பாடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் ஏழைகளே அதிகம், இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள் கணிசமாக இருந்தார்கள். ஒன்றில் 1 லட்சம் பேருக்கு 40 பேர் இறந்திருந்தார்கள். மற்றதில் வெறும் 4 பேர். குறைவாக இறந்த பகுதியில் கடைத்தெருவும் நடமாட்டமும் இருந்தன. முதியவர்கள் வெளியே இறங்கினார்கள், ஒரு நாள் ஆளைக் காணாவிட்டால் விசாரிக்க நாலு பேர் இருந்தார்கள். மற்ற பகுதியில் வீடுகள் காலியாகி, கடைகள் மூடி, பயத்தில் கதவும் சன்னலும் சாத்தியே கிடந்தன. ஆக, அக்கம்பக்கம் என்பது உயிர்காக்கும் ஏற்பாடு. அதைக் கோடைக்கு முன்பே உட்கார்ந்து திட்டமிட முடியும்.

வேலை ஒரு பெயர்ப்பட்டியலில் தொடங்குகிறது. தனியாக வசிக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், இதயம், சிறுநீரகம், சர்க்கரை நோயாளிகள், மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்கள், அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்தவர்கள். மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் தங்கள் எண்ணிக்கைக்குப் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். அந்த மருந்துகளில் சில வியர்வையைக் குறைக்கும், தாகம் தெரியாமல் செய்யும். சிறுநீர் பிரியத் தரும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், சில ஒவ்வாமை மாத்திரைகளும் வெயில் நாட்களில் ஆபத்தைக் கூட்டக்கூடியவை. தாமாக யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது. கோடைக்கு முன்பே மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: 'வெயில் நாட்களில் இதே அளவா? எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?' இதய, சிறுநீரக நோயாளிகளிடம் 'நிறையக் குடியுங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் ஆபத்து.

பட்டியல் காகிதத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். யார் தனியாக இருக்கிறார்கள், யார் எழுந்து கதவு திறக்க முடியாதவர் என்பது திருடனுக்கும் உதவும் தகவல். பெயர் சேர்க்க அவரவர் சம்மதம் வேண்டும். ஆனால் அவர்களே வந்து பெயர் கொடுப்பார்கள் என்று காத்திருக்கவும் கூடாது. பிரான்சில் 2004க்குப் பிறகு மேயர்கள் இப்படியொரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. நல்ல ஏற்பாடு. விரும்பியவர் பெயர் மட்டுமே அதில் ஏறும் என்பது அதன் குறை. யாருமே இல்லாதவர், யாரும் வரவேண்டாம் என்று ஒதுங்கியவர், பதிவு செய்யவே மாட்டார். அவர்களைத் தெரிந்துவைத்திருப்பது தபால்காரர், பால் போடுபவர், காவலாளி, தண்ணீர் கேன் கொண்டுவருபவர். அவர்களிடம் கேளுங்கள். முகம் தெரியாதவர் தட்டினால் பலர் கதவு திறக்க மாட்டார்கள் என்பதால், கோடைக்கு ஒரு மாதம் முன்பே போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு பேர் கொண்ட ஓர் அணிக்கு ஐந்தாறு வீடுகள் போதும். அதற்கு மேல் கொடுத்தால் மூன்றாம் நாள் சோர்ந்துவிடுவார்கள். வெயிலின் தாக்கமோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். தொடர்ந்து சூடான இரவுகளில் உடல் தேறவே வழியில்லாமல், இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் இறப்புகள் ஏறும். இரண்டு பேர் என்பது ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு நோட்டுப் புத்தகம், அதில் வீடு, நேரம், பார்த்தவர் கையெழுத்து. 'யாராவது போயிருப்பார்கள்' என்று எல்லோரும் நினைப்பதுதான் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் முறிந்துபோகும் முதல் இடம். குழுவில் கட்டைவிரல் குறி போட்டவர் நேரில் போனார் என்று பொருள் அல்ல.

ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். காலையில் ஒருமுறை, மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஒருமுறை. மாலை நேரத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே காற்றின் சூடு தணிந்த பிறகும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். மேல்மாடி வீடுகளில் உச்ச வெப்பம் நண்பகலில் அல்ல, மாலையிலும் முன்னிரவிலும்தான். 'வெயில் இறங்கிவிட்டதே' என்று வெளியில் இருப்பவர் நிம்மதியடையும் நேரத்தில்தான் உள்ளே இருப்பவர் வெந்துகொண்டிருப்பார்.

போய் என்ன பார்ப்பது? தொலைபேசியில் 'நல்லா இருக்கீங்களா?' என்றால் 'இருக்கேன்பா' என்றுதான் பதில் வரும். வெப்பத்தால் மூளை தடுமாறத் தொடங்கியவருக்குத் தான் தடுமாறுவது தெரியாது. ஆகவே நேரில், உள்ளே போக வேண்டும். வாசலில் நின்றால் அறையின் சூடு தெரியாது. 'இன்று என்ன கிழமை, நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்' என்று யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளைக் கேளுங்கள். பேச்சு குழறுகிறதா, எழுந்து நிற்கும்போது தள்ளாடுகிறாரா, நாக்கு காய்ந்திருக்கிறதா, சிறுநீர் கடைசியாக எப்போது போனது, அடர் மஞ்சளாக இருந்ததா. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலையில் நிரப்பி, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். மாலையில் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் 'குடிச்சேன்' என்ற சொல்லை நம்பி இருக்க வேண்டாம். மூடிக் கிடக்கும் சன்னல், ஓடாத மின்விசிறி, தொடாமல் கிடக்கும் சாப்பாடு இவையும் கண்ணில் பட வேண்டியவை. முதியவர்கள் பலருக்குச் சூடு உறைக்காது. போர்வை போர்த்தியபடியே இருப்பார்கள். வயதோடு அந்த உணர்வே மங்கிவிடுகிறது, பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள்: பெயர், நோய்கள், மருந்துகள், உறவினர் எண். ஒரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் வீட்டில் மின்தடை வந்தால் யார் வீட்டுக் குளிர்பெட்டிக்கு அது போக வேண்டும் என்பதையும் முன்பே பேசி வைத்துவிடலாம். வெப்ப அலையின்போது மின்சாரத் தேவை உச்சத்துக்குப் போவதால் மின்தடையும் கூடவே வரும்.

வீட்டைக் குளிர்விப்பதில் பரவலாக ஒரு குழப்பம் இருக்கிறது. சன்னலை எப்போதும் திறந்து வைப்பதும் தவறு, எப்போதும் மூடி வைப்பதும் தவறு. வெளியே வெப்பம் உள்ளே உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும்வரை மூடி, குறைந்ததும் எதிரெதிர் சன்னல்களைத் திறக்க வேண்டும். அதற்கு ஒரு வெப்பமானி அறைக்குள்ளும், ஒன்று வெளியே நிழலிலும் தேவை. வெயிலை மறைக்கும் துணியோ தட்டியோ கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டைத்தான் தடுத்துப் பார்க்கிறது.

மின்விசிறி சூட்டைக் குறைப்பதில்லை, காற்றைத்தான் நகர்த்துகிறது. காற்று நம் தோலைவிடச் சூடாகும்போது, அதாவது சுமார் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல், அது வெப்பத்தை நம்மேல்தான் கொண்டுவந்து சேர்க்கிறது. வியர்வை நன்றாக ஆவியாகும்வரை அதையும் மீறிப் பயன் உண்டு. ஆனால் அறை 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடலைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வியர்வை குறைவாகச் சுரக்கும் முதியவர்களுக்கு அந்த எல்லை ஒன்றிரண்டு டிகிரி கீழேயே வந்துவிடும். அவர்களுடைய கை, கால், கழுத்தை அடிக்கடி நனைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டால் வியர்வையின் வேலையைத் தண்ணீர் செய்யும்.

ஈரத்துணி, தண்ணீர் தெளித்தல், ஈரக்காற்று விசிறி (ஏர் கூலர்) இவையெல்லாம் எல்லா நாளும் பயன் தராது. பயன் தருமா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டையும் மின்விசிறிக் காற்றில் ஐந்து நிமிடம் வையுங்கள். உலர்ந்தது 40, ஈரமானது 24 காட்டினால் காற்று வறண்டிருக்கிறது. ஈரத்துணி அற்புதமாக வேலை செய்யும். உலர்ந்தது 36, ஈரமானது 32 என்றால் சன்னலில் ஈரத்துணி கட்டுவதால் அறையில் புழுக்கம்தான் கூடும். இந்த 36 டிகிரி நாள் 40ஐவிடக் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். அதுதான் கொடிய நாள். ஈரக்குமிழ் 35ஐத் தொட்டால் எந்த உடலும் தாங்காது என்பது ஏட்டுக் கணக்கு. ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்த சோதனையில், ஈரமான சூட்டில் 31க்கு அருகிலேயே உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் வெப்பம் ஏறத் தொடங்கியது. அப்படிப்பட்ட நாளில் வீட்டு வைத்தியங்களை விட்டுவிட்டு, பட்டியலில் உள்ளவர்களைக் குளிர்ந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் செய்ய வேண்டிய வேலை.

அந்தக் குளிர்ந்த இடம் எது? நூலகம், பள்ளி வகுப்பறை, சமுதாயக் கூடம், வழிபாட்டுத் தலத்தின் மண்டபம், குளிர்சாதனம் உள்ள ஒரு வீட்டு வரவேற்பறை, எதுவானாலும் சரி. திறந்து வைத்தும் ஆள் வராமல் போவதுதான் வழக்கம். அதற்கான காரணங்களும் தெரிந்தவைதான். மாலை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள். நிழலில்லாத தெருவில் நடந்து போக வேண்டியிருக்கும். படியேற வேண்டும். கழிப்பறை இருக்காது, அதனால் பெண்கள் வர மாட்டார்கள், வந்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். சாய்ந்து உட்கார நாற்காலி இல்லாவிட்டால் முதியவர் அரை மணிக்கு மேல் தாங்க மாட்டார். நிவாரண முகாம் போல அறிவித்தால் மானமுள்ளவர்கள் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார்கள். அங்கே ஏதாவது ஒரு வேலை நடக்கட்டும்: செய்தித்தாள் வாசிப்பு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், கிழிந்ததைத் தைத்தல், காய் நறுக்குதல். 'கொஞ்சம் உதவிக்கு வாருங்கள்' என்று கூப்பிட்டால் வருபவர் 'ஓய்வெடுக்க வாருங்கள்' என்றால் வர மாட்டார். ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம் குளிர்ந்த இடத்தில் இருந்துவிட்டுப் போனாலே உடலுக்கு அது பெரிய ஆறுதல்.

குடிக்கும் தண்ணீர் பற்றியும் ஒரு சொல். வெயிலில் உழைப்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர், ஏறக்குறைய 240 மில்லி, குடிக்க வேண்டும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைச்சுற்றல், வாந்தி, வலிப்புவரை போகும். நீரிழப்பு ஏற்பட்டவருக்கு வீட்டில் கலக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. கண்ணளவில் போடாதீர்கள். உப்பு கூடினால் கெடுதல். 24 மணி நேரத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிவிடுங்கள்.

கூலி வேலைக்கு ஆள் வைப்பவர்களுக்கு: வேலையிடங்களில் வெப்பத்தால் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலும், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்திலும் இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்கிறது. உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். புதியவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம் மட்டும், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டுங்கள். இருவர் இருவராக வேலை கொடுங்கள். ஒருவர் பேச்சு மாறினால் மற்றவர்தான் கவனிக்க முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் விழுந்துவிட்டால், முதல் அரை மணி நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. குழப்பமான பேச்சு, கோபம், வலிப்பு, மயக்கம், தொட்டால் கொதிக்கும் உடல்: இது வெப்பத் தாக்கு. 'வியர்க்கிறதே, அப்படியானால் வெப்பத் தாக்கு இல்லை' என்பது தவறான நம்பிக்கை. உழைக்கும்போது விழுபவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள். அது குறைவாகவே காட்டும்.

ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். மற்றவர்கள் அதே நொடியில் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்கு மாற்றி, மேலாடையைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உழைப்பால் விழுந்த இளைஞராக இருந்தால் தண்ணீரில் கழுத்துவரை அமிழ்த்துவதுதான் மிக வேகமான வழி. தொட்டி இல்லாவிட்டால் ஒரு தார்ப்பாய் போதும். அவரை நடுவில் படுக்க வைத்து, நாலைந்து பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐந்தாறு வாளித் தண்ணீரும் கிடைத்தால் பனிக்கட்டியும் ஊற்றி, உடல்மேல் தண்ணீர் அலையும்படி பக்கவாட்டில் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் தலையை மட்டும் தண்ணீருக்கு மேல் பிடித்துக்கொள்ள வேண்டும். தளர்ந்த முதியவருக்கு அமிழ்த்துவது தேவையில்லை. ஈரத்துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு, இடைவிடாமல் விசிறினால் போதும். துணி சூடானபின் அப்படியே விட்டால் அது போர்வையாகிவிடும்.

நினைவு தெளிவில்லாதவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரை இதைக் குறைக்காது, ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்குச் சுமை மட்டும் சேரும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பெரும்பாலும் நடக்கும் பிழை, பதறிப்போய் ஆளை அப்படியே ஒரு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவது. போக்குவரத்தில் சிக்கும் அந்த அரை மணியில் மூளையும் சிறுநீரகமும் வெந்துகொண்டிருக்கும். முதலில் குளிர்வித்தல், பிறகுதான் கொண்டுபோதல். இன்னொரு பிழை, கண்ணைத் திறந்ததும் நிறுத்திவிடுவது. தெளிவாகப் பேசும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வந்து பொறுப்பேற்கும்வரை, கை ஓயக் கூடாது. ஒரு தார்ப்பாய், ஆறு வாளி, பத்துத் துண்டுகள், எல்லோருக்கும் தெரிந்த ஒரு தண்ணீர்க் குழாய்: ஒவ்வொரு தெருவிலும் இவை ஓரிடத்தில் இருக்கட்டும். கோடைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒத்திகை பாருங்கள்.

எதுவும் உச்ச வெயிலில் தொடங்கும் வேலை அல்ல. பருவத்தின் முதல் வெப்ப அலைதான் பழகாத உடல்களை அடித்து வீழ்த்துகிறது. மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்பதும் அப்படித்தான். வெயில் ஏறுவதற்கு முன், பட்டியலில் உள்ளவர்களின் வீடுகளில் முதலில், தளத்தைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்போ வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ இரண்டு கை அடித்தால் அறைக்குள் சில டிகிரி குறையும். தூசி படிந்தால் பலன் போய்விடும் என்பதால் இடையிடையே கழுவவும் ஆள் வேண்டும். அந்த வீட்டு முதியவரால் மாடி ஏற முடியாது. அக்கம்பக்கத்து இளைஞர்களால் ஒரு காலைப்பொழுதில் நாலு மாடிகளை முடிக்க முடியும்.

உங்கள் நாளிதழுக்கும் சில வேண்டுகோள்கள். முதல் பக்கத்தில் அன்றைய உச்ச வெப்பத்தை மட்டும் போடாமல், முந்தைய இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் மாலை ஈரப்பதத்தையும் சேர்த்துப் போடுங்கள். எந்த நாள் ஆபத்து என்பதை அந்த மூன்று எண்களும் சேர்ந்துதான் சொல்லும். தண்ணீரில் விளையாடும் சிறுவர்களின் படத்துக்குப் பதிலாக, தார்ப்பாயைப் பிடிக்கும் முறையைப் படம் வரைந்து வெட்டி ஒட்டிக்கொள்ளும் அளவில் வெளியிடுங்கள். வெப்ப எச்சரிக்கை வரும் நாட்களில் அறிவுரைப் பெட்டியின் முதல் வரியாக, 'இன்று மாலை யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறீர்கள்?' என்ற கேள்வியைப் போட முடியுமா என்று யோசியுங்கள்.

இப்படிக்கு,
முதலுதவிப் பயிற்சியிலும் முதியோர் பராமரிப்பிலும் உள்ள வாசகர்கள் சிலர்